லண்டனுக்குப் புல்லட்டு, சோளிங்கருக்கு பஸ்ஸு

ஆர்.கே.பேட்டையில தறிச் சத்தத்தையும் தாண்டி ஒரு சேதி காதுக்கு வருதுன்னா, அது சின்ன சேதியா இருக்காது. உங்க தாத்தனோட 1973 மாடல் புல்லட்ட எடுத்துக்கினு நீ லண்டன் போறியாமே? ரொம்ப சந்தோஷம் நைனா. போன கார்த்திகை ஞாயித்துக்கிழமை சோளிங்கர் மலைக்கு நீ பஸ் ஏறிப் போனதையும் இந்தத் திண்ணையில உக்காந்துதான் பாத்தேன். "வண்டி இன்னா ஆச்சு?"ன்னு கேட்டா, "பெரிய டிரிப்புக்காக ரெஸ்ட்ல வெச்சிருக்கேன் தாத்தா"ன்னே. நல்ல யோசனை. அத்தன தூரம் போவணும்னா வண்டி முதல்ல நல்லாத் தூங்கி எழுந்திருக்கணும்.

புல்லட்டுக்குக் கடல் புதுசு இல்ல. உனக்குத்தான் புதுசு. இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊரு, அங்க பொறந்த வண்டி அது. அம்பதுகள்ல நம்ம பட்டாளத்துக்காக இங்க வந்து எறங்குச்சு. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்க அதச் செஞ்ச இங்கிலாந்துக் கம்பெனியோட கூட்டு சேந்தாங்க, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்துச்சு. அப்பால நடந்த கூத்தப் பாரு. பெத்தவன் 1970 வாக்குல அங்க கடைய மூடிட்டான். வளத்த திருவொற்றியூர்க்காரன் மட்டும் அதே புல்லட்ட விடாம செஞ்சிக்கினே இருந்தான். 1977ல இங்கிலாந்துக்கே ஏத்துமதியும் பண்ண ஆரம்பிச்சாங்க. வெள்ளக்காரன் தான் பெத்த வண்டிய நம்மகிட்ட காசு குடுத்து வாங்கினான். அதனால இன்னிக்கும் பர்மிங்காம் பக்கத்துல இந்த வண்டிக்குன்னே சாமான் விக்கிற கடை இருக்குது. நீ அங்க போய்ச் சேந்துட்டா கவலையில்ல. என் கவலையெல்லாம் நீ திருத்தணி தாண்டறதப் பத்தித்தான்.

அப்பறம், பாக்கறவன்கிட்டயெல்லாம் "விண்டேஜ் வண்டி, விண்டேஜ் வண்டி"ன்னு மார் தட்டிக்காதே. எவனாச்சும் நெஜமாவே எழுதிக் குடுத்துடப் போறான். 2021ல மத்திய சர்க்கார் அதுக்குன்னு ஒரு விதி போட்டுச்சு. அம்பது வருஷம் தாண்டி, பெருசா எதையும் மாத்தாம வந்த உருவத்துலயே இருக்கற வண்டிக்கு 'வி.ஏ.'ன்னு போட்ட தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபா, பத்து வருஷத்துக்குச் செல்லும். கேக்க நல்லாத்தான் கீது. ஆனா அந்த நம்பர் வாங்கிட்டா, கண்காட்சிக்கு, பழைய வண்டி ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ண, இந்த மாதிரி வேலைக்குத்தான் ரோட்ல எறக்கலாம். தினப்படி ஓட்டக்கூடாது. உனக்கு அந்தப் பட்டம் பொருத்தமாத்தான் இருக்கும், எப்படியும் நீ ஓட்டறதில்லையே. ஓட்டற எண்ணம் இருந்தா மட்டும், தாத்தன் வாங்கின நம்பரோடயே விட்டுட்டு, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஆர்.சி.ய புதுப்பிச்சிக்கினு கம்முனு இரு.

ஆர்.சி.ன்னதும் ஞாபகம் வருது. என்ஜின் நம்பரப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே. மெட்ராஸ் புதுப்பேட்டையில பிரிச்சுப் போட்ட வண்டிங்களுக்கு நடுவுல இருந்து அந்தக் காலத்துல எத்தன என்ஜின் எத்தன சேசிஸ்ல ஏறி உக்காந்துச்சுன்னு அந்த முருகனுக்குத்தான் தெரியும். ஊருக்குள்ள ஓட்டற வரைக்கும் ஒருத்தனும் குனிஞ்சு பாக்க மாட்டான். சுங்கத்துக்காரன் குனிவான். டார்ச் அடிச்சுப் பாப்பான். 'கார்னே'ன்னு ஒரு புஸ்தகம், வண்டிக்கு பாஸ்போர்ட்டு மாதிரி. பம்பாயில இருக்கற மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் குடுக்கும். அதுல சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், கலர் வரைக்கும் எழுதியிருக்கும். ஒவ்வொரு நாட்டுலயும் நுழையறப்ப ஒரு முத்திரை, வெளிய வர்றப்ப ஒரு முத்திரை. உள்ள போன வண்டி வெளிய வரலன்னா, "இங்கேயே வித்துட்டான்"னு முடிவு பண்ணி சுங்க வரிய உன் தலையில கட்டிடுவான். அதுக்காகத்தான் முன்கூட்டியே பாங்க் ஜாமீன் கேக்கறது. வண்டி மதிப்பையும் போற நாட்டையும் பொறுத்து அந்தத் தொகை ஏறும். ஐரோப்பாவுல இந்தப் புஸ்தகத்தக் கேக்க மாட்டான். பாகிஸ்தான், ஈரான், ஆஸ்திரேலியா, பக்கத்துல இருக்கற சிலோன், எல்லாரும் கேப்பான். இதுக்கெல்லாம் மேல சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேற, ஒரு வருஷம் செல்லும். அது ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயே கிடைக்கும்.

ஆக, முதல்ல ஆர்.சி.ய ஒரு கையில வெச்சுக்கினு, இன்னொரு கையில மண்ணெண்ணெய்த் துணியால அந்த நம்பரு மேல இருக்கற அம்பது வருஷ அழுக்கத் தொடை. ரெண்டும் ஒண்ணா இருந்தா எனக்குச் சொல்லு, திருத்தணிக்கு நானே காவடி எடுக்கறேன். ஒண்ணா இல்லன்னா லண்டன மறந்துட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நட.

இப்போ வண்டிக்கு வரேன். நீ செஞ்சிருக்கற வேலையெல்லாம் பாத்தேன். முன்னாடி நாலு ஃபாக் லைட்டு, ஒரு ஏர் ஹாரன், செல்போனுக்கு சார்ஜர், தாத்தன் போட்ட சீட்ட எடுத்துட்டு சிங்கிள் சீட்டு. கல்யாண மண்டபம் தோத்துச்சு போ. ஒரு சந்தேகம் மட்டும். இது 6 வோல்ட்டு வண்டி ஆச்சே, அந்த நாலு லைட்டுக்கும் கரண்டு எங்கருந்து வரும்? திருத்தணி சப்ஸ்டேஷன்ல இருந்து ஒயர் இழுக்கப் போறியா? முதல்ல 12 வோல்ட்டுக்கு மாத்து. ஆல்டர்னேட்டர், பாட்டரி, ரெக்டிஃபையர், பல்பு எல்லாம் சேத்து மாத்தணும். இல்லன்னா ஒரே ஒரு ஹெட்லைட்டோட பொழுது சாயறதுக்குள்ள ரூம் எடுத்துப் படு. ரெண்டாவதுதான் உடம்புக்கும் நல்லது.

ஆயில் ஒழுகுதுன்னு அழுதியாமே. ஒழுகலன்னாதான் நீ பயப்படணும். பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டு நின்ன எடத்துல பொட்டு வெக்காம போவாது. ஆனா ஒழுகறதுக்கும் கொட்டறதுக்கும் வித்தியாசம் இருக்குது. பாதிப் பேரு கேஸ்கெட்ட மாத்திக்கினே இருப்பான், ஆனா உள்ள காத்து வெளிய போற பிரீதர் குழாய் அடைச்சிக்கினு இருக்கும். காத்துக்கு வழி இல்லன்னா ஆயிலத் தள்ளிக்கினு எந்த இடுக்குல வேணாலும் வரும். அதச் சுத்தம் பண்ணு. ஃபில்டர மாத்து. தினமும் கிளம்பறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்க உருவிப் பாரு. இதெல்லாம் போட்டோ எடுத்துப் போட்டா எவனும் லைக் போட மாட்டான், தெரியும். இருந்தாலும் பாரு.

கிராங்குதான் முக்கியம். இந்த வண்டில பிஸ்டன் 90 மில்லிமீட்டர் மேலயும் கீழயும் ஓடுது. நீளமான ஓட்டம், அதுதான் அந்த 'டப் டப்'. மெதுவாப் போனா நாள் பூரா போவும். நாலு வழிச் சாலையில பக்கத்துல கார் முந்திட்டான்னு ரோஷப்பட்டு முறுக்கினேன்னு வெச்சுக்க, கனெக்டிங் ராடோட பெரிய முனை பேரிங் காலி. அப்பால நீ பெலூசிஸ்தான் பாலைவனத்துல என்ஜினப் பிரிச்சு வெச்சுக்கினு உக்காந்திருப்பே. அறுபதுலயே போ. மாட்டு வண்டி முந்தினா மட்டும் எனக்கு போன் பண்ணு.

நம்ம ஊரு நெசவுக்காரன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான், சத்தத்த வெச்சே எந்தத் தறியில நூல் அறுந்துச்சுன்னு சொல்வான். அந்தக் காது உனக்கு வரணும். டேப்பெட் சத்தம் எது, செயின் தொங்கி அடிக்கற சத்தம் எது, ஸ்போக்ஸ் கம்பி லூஸானா எப்படி இருக்கும், இதெல்லாம் ஓட்டாம வராது. அதனால பொட்டி கட்டறதுக்கு முன்னாடி நகரி, புத்தூர்ன்னு ஆந்திரா பக்கம் முழு லோடோட ஒரு சுத்து சுத்திட்டு வா. அப்பால ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு இருக்குது. ஏறறப்ப கார்புரேட்டர் புத்தியும், எறங்கறப்ப டிரம் பிரேக் யோக்கியதையும் தெரிஞ்சுடும். பிரேக்க மட்டும் நம்பாதே, கியர எறக்கி என்ஜினப் பிடிச்சு எறங்கு. கியர் வலது காலு, பிரேக் இடது காலு. மறந்துடாதே, உன் ஆபீஸ் ஸ்கூட்டர் இல்ல இது.

ஸ்டார்ட் பண்ணத் தெரியுமா? ஊரே பாக்கற மாதிரி குதிச்சுக் குதிச்சு உதைக்கறியே, அது ஸ்டார்ட் பண்றது இல்ல, சண்டை போடறது. கிக்கர மெல்ல அமுக்கு, ஆம்மீட்டர் முள்ளு நடுவுக்கு வரும். டீகம்ப்ரஸர் லிவரப் பிடிச்சு இன்னும் ஒரு துளி எறக்கு. லிவர விட்டுட்டு, அப்பால நிதானமா ஒரு முழு உதை. இப்படி உதைச்சா எழுவது வயசு ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர்கூட வேட்டி அவிழாம கிளப்புவாரு.

பாயிண்ட் இடைவெளி 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். ஃபீலர் கேஜ் தொலைஞ்சு போனா சவர பிளேடு நாலு அடுக்கிப் பாரு, சுமாரா அதே அளவு. (தாடி வளக்கப் போறேன்னு பிளேடே எடுத்துக்கினு போவாம இருந்துடாதே.) கண்டென்சர் ரெண்டு, பிளக்கு ரெண்டு, டியூப், செயின் லாக்கு, கட்டுக்கம்பி, இதெல்லாம் கூட எடுத்துக்க. கிளட்ச் கேபிளுக்கு ஒரு பழைய தந்திரம் இருக்குது. புது கேபிள ஒண்ணு, ஓடற கேபிளு பக்கத்துலயே முன்கூட்டியே போட்டு டேப்பு சுத்திடணும். அறுந்தா முனைய மாட்டினா போதும். மழையில டேங்க்கக் கழட்ட வேணாம். பெட்ரோல் குழாயையும் மாத்திடு. இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலு பழைய ரப்பர அரிச்சுடும். ஸ்பேனருதான் வேடிக்கை. உன் புது டூல் கிட்டு பளபளன்னு 10, 13, 17ன்னு கீது. இந்த வண்டியில பாதி போல்ட்டு வெள்ளக்காரன் காலத்து விட்வொர்த் அளவு. அதுல உன் 13ஆம் நம்பரப் போட்டுத் திருகினா நட்டு உருண்டையாயிடும், கோலி ஆடலாம்.

சே குவேராவ சட்டையில போட்டிருக்கியே, அவரு கதை தெரியுமா? 1952ல சிநேகிதன் கிரனாடோவோட 1939 மாடல் நார்ட்டன் 500ல அர்ஜென்டினாவுல இருந்து கிளம்பினாரு. வண்டி சிலி நாட்டுலயே மூச்ச விட்டுடுச்சு. மீதி தென்னமெரிக்காவ அடுத்தவங்க தயவுலதான் பாத்தாங்க. புஸ்தகம் வந்துச்சு, சினிமா வந்துச்சு, வண்டிதான் வரல. அப்படியும் டெட் சைமன்னு ஒரு வெள்ளக்காரரு, உன் வண்டி பொறந்த அதே 1973ல, ட்ரையம்ஃப் 500ல கிளம்பி நாலு வருஷத்துல உலகத்தையே சுத்திட்டு வீடு போய்ச் சேந்தாரு. நம்ம நாட்டையும் பாத்துட்டுத்தான் போனாரு. உனக்கு ஆபீஸ்ல எத்தன நாள் லீவு? நாலு வாரமா? பேஷ்.

ரோட்டு வழியும் யோசிச்சுக்க. மேற்க பாகிஸ்தான் போற அட்டாரி கேட்ட 2025 ஏப்ரல்ல மூடினாங்க. கெழக்க மணிப்பூர் மோரே தாண்டினா பர்மா, 2021ல பட்டாளம் ஆட்சியப் பிடிச்சதுல இருந்து அங்க ஒரே ரகளை. வடக்க சீனாக்காரன் வழிகாட்டி இல்லாம விட மாட்டான். நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு 2023ல விட்ட கப்பலு பயணிங்களுக்குத்தான். எல்லைன்னா அப்படித்தான் நைனா. நம்ம திருத்தணி வட்டாரம் மட்டுந்தான் நின்ன எடத்துலயே நின்னுக்கினு எல்லை தாண்டுச்சு. ம.பொ.சி. போராடி, பேசித் தீத்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் ஜில்லாவுல இருந்து மெட்ராஸ் பக்கம் வந்துட்டோம். ஒரு முத்திரை கேக்கல, ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்ல. அந்த வசதி உனக்குக் கிடையாது. கப்பல்தான்.

லண்டன் வேணாம், அக்கா சிட்னில இருக்காளேன்னு அந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்டுக்க. மரப்பெட்டி சும்மா தச்சா ஆவாது. பூச்சி சாவற மாதிரி சூடு காட்டி முத்திரை குத்தின பலகையா இருக்கணும். பெட்ரோல வடிச்சிடணும், பாட்டரி ஒயரக் கழட்டணும். ஆஸ்திரேலியாக்காரன் மட்கார்டுக்கு அடியில விரல விட்டுப் பாப்பான். நம்ம ஏரிக்கரை மண்ணு ஒரு சிட்டிகை, ஒரு புல்லு விதை இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டி, உன் செலவுலயே கழுவ வெப்பான். அத விடப் பெரிய வம்பு ஆஸ்பெஸ்டாஸ். 2003 கடைசில இருந்து அத நாட்டுக்குள்ளயே விடறதில்ல. பழைய பிரேக் ஷூவுலயும், கிளட்ச் பிளேட்டுலயும், கேஸ்கெட்டுலயும் அதுதான் இருக்கும். தாத்தன் போட்ட ஒரிஜினல் லைனர்னு பெருமையா காட்டாதே. மொத்தமா மாத்திட்டு, பில்ல பத்திரமா வெச்சுக்க.

இன்னா, எல்லாத்துக்கும் தலைய ஆட்டறே, எழுந்து போவ மாட்டேங்கறே? பாங்க் ஜாமீனுக்கு என் பத்திரத்தக் கேக்கத்தானே வந்தே? என்கிட்ட இருக்கறது வெத்தலப் பொட்டியும் ரெண்டு பழைய தறியுந்தான். நகையெல்லாம் பள்ளிப்பட்டுல உங்க அத்தகிட்ட கீது. போய்க் கேளு. அவ என்ஜின் நம்பரக் கேக்க மாட்டா, கல்யாணம் எப்போன்னுதான் கேப்பா. அதுக்குப் பதில் தயார் பண்ணிக்கினு போ.