0.6 டெல்டா

காவிரி டெல்டாவுக்கு எல்லைக்கோடே இல்லாமல் ஒரு வரைபடம் போடக் கிளம்பியது என் அகம்பாவம்தான். கையில் ஃபஸி லாஜிக் இருந்த தைரியம். 1965-இல் பெர்க்லி பேராசிரியர் லோத்ஃபி ஸாதே எழுதிய கட்டுரையில் வேர்விட்டது அது. ஓர் ஊர் டெல்டாவா இல்லையா என்று கேட்காது. எந்த அளவுக்கு டெல்டா என்று கேட்டு, 0-வுக்கும் 1-க்கும் நடுவே ஒரு மதிப்புத் தரும். கும்பகோணம் 1, ராமநாதபுரம் 0. அதுவரை நானும் அறிவாளிதான்.

பட்டுக்கோட்டையில் வழுக்கியது. 1934-இல் திறந்த கல்லணைக் கால்வாய், அந்தப் பக்கத்தார் வாயில் 'புது ஆறு', அங்கே காவிரித் தண்ணீரைக் கொண்டுபோகிறது. மண் மட்டும் கும்பகோணத்து வண்டல் இல்லை. தண்ணீருக்கு 0.9, வண்டலுக்கு 0.2 என்று போட்டேன் (அதுவும் குத்துமதிப்புதான்). ஸாதேயின் விதிப்படி 'தண்ணீரும் வண்டலும் வேண்டும்' என்றால் இரண்டில் சிறியது, 0.2. 'ஏதாவது ஒன்று போதும்' என்றால் பெரியது, 0.9. எதை எடுப்பது என்று கணக்கு சொல்லாது. டெல்டா என்று எதைச் சொல்கிறேன் என்பதை நான் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். என் மாமனாருக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 0.9 எடுத்தேன். பிறகு மனசாட்சி உறுத்தியதால் எந்த விதியிலும் இல்லாத 0.6 ஆக்கினேன்.

அதை அவரிடமே பெருமையாகக் காட்டினேன். "அப்ப என் வயல் மீதி நாலு பங்குலயா மாப்ளை இருக்கு?" என்றார். இது பரப்பில் பங்கு இல்லை மாமா, நிகழ்தகவும் இல்லை என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள், கரண்ட் வந்துவிட்டதென்று மோட்டார் போடப் போய்விட்டார்.

அச்சில்தான் உச்சம். உள்ளிருந்து வெளியே நிறம் மெல்ல மங்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எல்லாம் ஒரே சாம்பலாக வந்தது. வேறு வழியில்லாமல் 0.5-க்கு மேல் உள்ளே, கீழே வெளியே என்று வெட்டினேன். எல்லைக்கோடு வந்துவிட்டது. பட்டுக்கோட்டை பத்திரமாக உள்ளே.

அரசும் டெல்டாவுக்கு ஒரு கோடு போட்டது. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அறந்தாங்கி வட்டாரத்தைச் சேர்த்துக்கொண்டது. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற முக்கொம்பு இருக்கும் திருச்சி மாவட்டத்தை விட்டுவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் சட்டத்தின் பட்டியலில் எந்த வட்டாரம் உள்ளே என்று யாரும் படித்துப் பார்த்துச் சண்டைக்குப் போகலாம். தசமப் புள்ளிக்குள் மாமனாரை ஒளித்துவைத்த என் படத்தைவிட அது நேர்மையானது.