விசிறி வெச்ச ஏரோபிளேனும் வெட்டிப் பெருமூச்சும்

வா தம்பி, திண்ணையில உக்காரு. கழுத்துல மாட்டியிருக்கற அந்த நீளக் கேமராவைக் கழட்டி ஓரமா வை. இப்ப எந்தப் பிளேனும் வராது. வந்தா நானே சொல்றேன். பாண்டிச்சேரி லாசுப்பேட்டையில பொறந்து வளந்தவனுக்குப் பால்காரன் வர்ற நேரமும் தெரியும், ஏரோபிளேன் வர்ற நேரமும் தெரியும்.

இன்னா சொன்ன? பழைய யுத்த விமானம்னா உனக்கு உசிரா? அது உன்னைப் பாத்தாலே தெரியுதே. சட்டையில ஸ்பிட்ஃபயர் படம். செல்லுல மணியடிச்சா மெர்லின் எஞ்சின் உறுமுது. கட்டில் தலமாட்டுல மர ப்ரொப்பெல்லர், ஒயிட் டவுன்ல ஏதோ பழஞ்சாமான் கடையில வாங்கினியாம். விலையைக் கேட்டதும் வாயில இருந்த வெத்தலையைத் துப்பிட்டேன். அந்தக் காசுக்கு எங்கப்பா காலத்துல பாகூர்ல நஞ்சை வாங்கியிருக்கலாம். நெஜ விமானத்துல இருந்ததுன்னு எப்படிடா தெரியும்னு கேட்டா, "கீறல் இருக்கே தாத்தா"ங்கற. கீறல் போடக் கடைக்காரனுக்கு ஒரு துண்டு உப்புத்தாளு போதாதா?

அப்பால உங்க கூட்டம். பீச்சு ரோட்டுல காந்தி சிலைக்குப் பின்னால உக்காந்துகினு ஸ்பிட்ஃபயர் ஒசத்தியா, ஹரிக்கேன் ஒசத்தியான்னு அடிச்சிக்கிறீங்க. சுண்டல்காரப் பையன் வந்து வந்து பாத்துட்டுப் போயிட்டான். ஒருத்தனும் திரும்பல. உங்க யாருக்காவது சம்மன் வந்துடுச்சா, நாளைக்கே போய் எதையாவது ஓட்டணும்னு?

தம்பி, 1944ல ஜப்பான்காரன் இம்பாலைச் சுத்தி வளைச்சான். அங்க நம்ம விமானப்படையோட ஒண்ணாம் நம்பர் ஸ்குவாட்ரனை நடத்தினவரு அர்ஜன் சிங். அவங்க ஓட்டினது ஹரிக்கேன். அப்பவே அது பழைய மாடல். எனக்கு ஸ்பிட்ஃபயர்தான் வேணும்னு அவரு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கல. இருந்ததை எடுத்துகினு பறந்தாரு, டி.எஃப்.சி. மெடல் வாங்கினாரு, பின்னால விமானப்படைக்கே தளபதி ஆனாரு. இன்னொண்ணு கேளு. ஹரிக்கேனுக்கு உடம்புல பின்பாதி துணி. ஸ்பிட்ஃபயருக்குத் தகடு. துணியில குண்டு துளைச்சா ஒட்டுப் போட்டு, மேல டோப்னு ஒரு வார்னிஷ் பூசி, காய்ஞ்சதும் ஏத்தி விட்டுடலாம். தகடு கிழிஞ்சா அது தனி வேலை, தனி ஆளு. இது உங்க வாதத்துல ஒரு தடவையாவது வந்துச்சா? வராது. உங்கள்ல ஒருத்தனும் ஒட்டுப் போட்டதில்லையே.

நான் ஸ்பேனர் புடிச்சவன்டா. விமானப்படையில சேந்து தாம்பரத்துல பயிற்சி. முடிஞ்சதும் அஸ்ஸாம்ல ஜோர்ஹாட்டுக்குத் தூக்கிப் போட்டாங்க. அங்க டக்கோட்டா. நீ பேரைச் சொல்லும்போதே கண்ணை மூடிக்கிறியே, அதே டக்கோட்டாதான்.

அதைப் பத்தி உங்க புஸ்தகத்துல இல்லாத ஒண்ணு சொல்றேன். அதுக்கு ரெண்டு எஞ்சின். ஒவ்வொண்ணுலயும் பதினாலு சிலிண்டர், ரெண்டு வரிசையா வட்டமா நிக்கும். ராத்திரி சும்மா நின்னா எண்ணெய் கசிஞ்சு அடி சிலிண்டர்ல தங்கிடும். காலையில அப்படியே ஸ்டார்ட் பண்ணினா இன்னா ஆவும்? பிஸ்டன் வந்து எண்ணெயில முட்டும். காத்து நசுங்கும், எண்ணெய் நசுங்குமா? கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். அதனால பைலட் வர்றதுக்கு முன்னாலயே நாங்க ரெண்டு பேரா நின்னு ப்ரொப்பெல்லரை ஒவ்வொரு பிளேடா கையால இழுத்துச் சுத்தணும். மார்கழிப் பனி. பிளேடு ஐஸா இருக்கும். சுத்தச் சுத்த எண்ணெய் சொட்டும், கீழே வெச்ச தட்டுல பாதி, எங்க சட்டையில பாதி. ஒழுகலைன்னாதான் எங்க ஃபிட்டர்களுக்குப் பயம். உள்ள எண்ணெயே இல்லையோன்னு. அந்த வாசனையை நீ சென்ட்டு பாட்டில்ல புடிச்சு விக்கலாம்ங்கற. என் வீட்டுக்காரி அந்தச் சட்டையை ரெண்டு வருசம் தொவைச்சா, அவகிட்ட போய் வித்துப் பாரு.

உள்ள ஏறிப் பாத்திருக்கியா? படத்துல பாத்தது கணக்குல வராது. தரையில நிக்கும்போது வாலு கீழே, மூக்கு ஆகாசத்துல. பின்னால கதவுல ஏறி முன்னால போறதுன்னா மயிலம் மலை ஏறற மாதிரி. அதுல அரிசி மூட்டையையும் தூக்கிகினு ஏறணும். மழை பேஞ்சா பைலட் கண்ணாடி ஓரமா ஒழுகும். அவரு மடியில ரெயின்கோட்டை விரிச்சுக்குவாரு. பெரிய ஆபீசர்தான், நனைஞ்சா அவருக்கும் சளி புடிக்கும்ல?

மூட்டை எதுக்குன்னு கேக்க மாட்டியே. மலைக்கு மேல, அப்ப நேஃபான்னு பேரு, இப்ப அருணாசலப் பிரதேசம், ரோடே கிடையாது. சோறு, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் ஆகாசத்துலருந்துதான். கதவைக் கழட்டிட்டுப் போவாங்க. பள்ளத்தாக்குல தாழப் பறந்து மணி அடிச்சதும் ரெண்டு பட்டாளத்து ஆளு மூட்டையை உதைச்சு வெளிய தள்ளணும். பாராசூட்டு எல்லாத்துக்கும் கிடையாது. அரிசியைச் சாக்குக்குள்ள சாக்கு போட்டுத் தைச்சிருப்பாங்க. விழற அடியில உள்சாக்கு கிழியும், வெளிச்சாக்கு தாங்கும். இதைக் கண்டுபுடிச்சவனுக்கு எவனாவது சட்டையில படம் போட்டானா?

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். அந்தச் சத்தம் எனக்கும் புடிக்கும். சாயங்காலம் மெஸ்ஸுல உக்காந்திருந்தாலும் காது வெளியதான் இருக்கும். காலையில போனது எத்தனை, திரும்பினது எத்தனைன்னு சத்தத்தை வெச்சே எண்ணுவோம். கணக்கு நேராச்சுன்னாதான் சோறு எறங்கும். நீ அந்தச் சத்தத்தை ரிங்டோனா வெச்சிருக்க. வெச்சுக்கோ.

எங்க தெருவுல ஒரு சொல்தா இருந்தாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்கினவரு. ஜூலை 14 ஆனா கோட்டு, மெடலு எல்லாம் மாட்டிகினு பீச்சு ரோட்டுக்குப் போவாரு. நவம்பர் 11க்கு யுத்த நினைவுத் தூணுக்கும் அப்படித்தான். அவரு சைகோனுக்குப் போனது கப்பல்ல. ஏன் கப்பல்? பிரான்சுக்காரன் 1930களிலேயே மர்செய்ல இருந்து சைகோனுக்கு விமானம் விட்டான். அது கராச்சியில எறங்கும், கல்கத்தாவுல எறங்கும். ரெண்டும் இங்கிலீஷ்காரன் ஊரு. அவன் சொந்தக் காலனி நம்மூரு, இங்க எறங்கல. அப்ப இருந்தே நமக்கும் ஏரோபிளேனுக்கும் ராசி அப்படி.

வியட்நாம்ல அவரை ஜங்கர்ஸ் விமானத்துல ஏத்தியிருக்காங்க. மூணு எஞ்சின், வரிவரியா மடிச்ச தகடு. ஜெர்மன்காரன் டிசைன். யுத்தம் முடிஞ்சும் பிரான்சுக்காரனே அதைத் தயாரிச்சு ஓட்டினான். பகையாளி வண்டின்னு பாக்கல, பறக்குதான்னு பாத்தான். உன்னை மாதிரி ஒரு பையன் வந்து, "தாத்தா, அது எந்த மார்க்கு?"ன்னு நோட்டும் பேனாவுமா அவர்கிட்டக் கேட்டான். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "மார்க்கு ஞாபகமில்ல தம்பி. பெஞ்சுல எதிரும் புதிருமா உக்கார வெச்சாங்க. எதிர்ல இருந்தவன் என் பூட்ஸ் மேல வாந்தி எடுத்தான்"னாரு. பையன் நோட்டை மூடிட்டான். நெஜம் கேட்டா உங்களுக்கு நோட்டு மூடிக்கும்.

1954ல தியன் பியன் ஃபூவுல என்னா நடந்துச்சுன்னு அவரு சொல்லுவாரு. மலைக்கு நடுவுல கோட்டை. சோறு, குண்டு, ஆளு எல்லாம் விமானத்துலதான். வியட்நாம்காரன் பீரங்கியை மலை மேல இழுத்துக் கொண்டாந்து ஓடுபாதையை அடிச்சான். மார்ச்சு கடைசியோட ஒரு விமானமும் எறங்க முடியல. பாராசூட்டுல போட்டதுல நெறைய எதிரி பக்கம் விழுந்துச்சு. மே 7ல கோட்டை போச்சு. அதே வருசம் நவம்பர் 1ந் தேதி இங்க பிரெஞ்சுக் கொடி எறங்கி நம்ம கொடி ஏறிச்சு. அப்ப நான் அரைக்கால் டவுசர் பையன். டக்கோட்டா நல்ல விமானமா இல்லையான்னு அங்க யாரும் பேசல. கீழே ஓடுபாதை இருக்கா இல்லையா, அதான் பேச்சு.

லிபரேட்டர் கதை தெரியுமா? தெரிஞ்சிருக்கும், நீ எல்லாம் படிச்சவன். ஆனாலும் சிரிக்கறதுக்காகச் சொல்றேன். நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம், அமெரிக்காக்காரனுது. யுத்தம் முடிஞ்சதும் கான்பூர்ல குவிச்சாங்க. நமக்கு உதவக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் போறதுக்கு முன்னால புல்டோசரை விட்டு ஏத்தி, அடிச்சு நொறுக்கிட்டுப் போனான். நம்மாளுங்க இன்னா பண்ணாங்க? இதுல கை ஒடைஞ்சதா, அதுல இருந்து கை எடு. அதுல வாலு போச்சா, வேற ஒண்ணுல வாலு எடு. பறக்கற அளவுக்கு ஒட்டவெச்சதும் ஜிம்மி முன்ஷின்னு எச்.ஏ.எல். பைலட் ஒருத்தரு ஒண்ணொண்ணா பெங்களூருக்கு ஓட்டிகினு போனாரு. அங்க முழுசா சரிபண்ணினாங்க. நாப்பது சொச்சம் விமானம். 1968 வரைக்கும் நம்ம படையில பறந்துச்சு. உலகத்துல வேற எந்த விமானப்படையிலயும் அப்ப அது ஓட்டத்துல இல்ல. அப்புறம்தான் வேடிக்கை. உடைச்ச இங்கிலீஷ்காரனே மியூசியத்துக்கு ஒண்ணு வேணும்னான். 1974ல இங்கிலாந்துக்குப் போய்ச் சேந்துச்சு. அந்த மியூசியத்துக்கு இப்பப் போனா கயிறு கட்டி, தொடாதேன்னு போர்டு வெச்சிருப்பான். புல்டோசர் ஓட்டினவனுக்கு அந்தப் போர்டு தெரிஞ்சிருந்தா!

பழசைக் காப்பாத்தறதை நான் கேலி பண்ணல, கோவிச்சுக்காத. 1947 அக்டோபர் 27ல சீக்கியப் படையை ஸ்ரீநகர்ல கொண்டு எறக்கினது டக்கோட்டாதான். அதுல ஒண்ணோட நம்பர் வி.பி. 905ஐப் போட்டு, பரசுராமான்னு பேரு வெச்சு, 2018ல ஒரு டக்கோட்டாவை இங்கிலாந்துல இருந்து பறக்க வெச்சே கொண்டாந்தாங்க. அப்ப எம்.பி.யா இருந்த ராஜீவ் சந்திரசேகர் காசுல. அவங்கப்பா டக்கோட்டா ஓட்டினவரு. அப்பன் ஓட்டின வண்டியைப் புள்ள தேடிப் போய் மீட்டான். அதுல ஒரு ஞாயம் இருக்கு. இன்னிக்கும் ஒரு ஃபிட்டர் காலையில அந்த ப்ரொப்பெல்லரைக் கையால சுத்தியிருப்பான். அவனுக்கு என் வணக்கம்.

நான் கேக்கறது வேற. நேத்து பெங்களூர்ல இருந்து எப்படி வந்த? பஸ்ஸா? ராத்திரி முழுக்கக் கால் மடக்கி உக்காந்து, விடிகாலையில எறங்கி, முதுகு புடிச்சுக்கிச்சுன்னு தைலம் கேட்டியே. ஏன், லாசுப்பேட்டைக்கு இண்டிகோ வருதே? 2024 டிசம்பர்ல இருந்து விடறானே, பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும். கேட்டா இன்னா பதில் சொன்ன? "அது ஃபேன் வெச்ச பிளேன் தாத்தா, ஆடும், பழைய டைப்பு."

அட என் ராசா! எண்பது வருசத்துக்கு முன்னால இருந்த விசிறிக்குக் கண்ணுல தண்ணி விடற. உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கற விசிறிக்கு மூக்கைச் சுளிக்கற. நம்மூருக்கு வாயுதூத் காலத்துல வந்ததும் விசிறி வெச்ச டோர்னியர்தான். 2013ல ஸ்பைஸ்ஜெட் வந்தது விசிறியோட. அடுத்த வருசமே நிறுத்திட்டான். 2015ல அலையன்ஸ் ஏர், அதுவும் விசிறி, சில மாசத்துல மூட்டை கட்டிடுச்சு. 2017ல உடான் திட்டத்துல மறுபடி ஸ்பைஸ்ஜெட், ஐதராபாத்துக்கு. கொரோனாவுல நின்னு, திரும்ப வந்து, திரும்ப நின்னுச்சு. ஏன் எல்லாம் விசிறி? நம்ம ஓடுபாதை 1500 மீட்டர். நீ கேக்கற பெரிய ஜெட்டு ஆளுங்களை நெறைச்சுகினு ஏற அது பத்தாது. நீட்டணும்னா பக்கத்துல தமிழ்நாட்டு நெலம் வேணும். அந்தப் பேச்சு நடந்துகினே இருக்கு, நான் கண்ணை மூடறதுக்குள்ள முடியுமோ என்னவோ. விசிறி விமானம் குட்டை ஓடுபாதையில ஏறும், குட்டை தூரத்துக்கு எண்ணெயும் கம்மியா குடிக்கும். ஒரு மணி நேரத்துப் பயணத்துக்கு உனக்கு எதுக்குடா ஜெட்டு? மேல ஏறி முடிக்கறதுக்குள்ள எறங்கச் சொல்லுவான்.

இன்னொண்ணும் சொல்றேன், நீ ஒயிட் டவுன்ல பிரெஞ்சு வாசனை தேடி அலையற ஆளாச்சே. இண்டிகோ விடறது ஏ.டி.ஆர். அது எங்க முழு உருவம் ஆவுது தெரியுமா? பிரான்சுல, தூலூஸ்ல. அன்னிக்குக் கல்கத்தாவுல எறங்கினவன் கடைசியில லாசுப்பேட்டைக்கும் வந்துட்டான். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஆறு பிளேடு. நீ கட்டிலுக்கு மேல மாட்டி வெச்சிருக்கறதுக்கு எத்தனை?

திரும்பிப் போறப்ப அதுல டிக்கெட்டு போடு. றெக்கை மேல இருக்கும், அதனால ஜன்னல்ல கீழே பளிச்சுனு தெரியும், ஊசுட்டேரி கண்ணுல பட்டாலும் படும். சத்தம் வேணும்னா விசிறிக்கு நேரா, முன்பக்கம் சீட்டு கேளு. எல்லாரும் அமைதி வேணும்னு பின்னால ஓடுவாங்க, உனக்குச் சுளுவா கெடைக்கும். கேமராவை மடியிலயே வெச்சுக்கோ. ஆடிச்சுன்னா பயப்படாத, முன்சீட்டுப் பையில காயிதப் பை ஒண்ணு இருக்கும், ஏறினதும் அதைப் பாத்து வெச்சுக்கோ. பக்கத்துல இருக்கறவன் பூட்ஸ் போட்டிருப்பானோ என்னவோ.