முழு மதிப்பெண்ணுக்கு உரிய கட்டுரை

மாசி பிறந்துவிட்டால் திருவொற்றியூரில் இரண்டு சத்தங்கள் சேர்ந்து கேட்கும். தியாகராஜர் கோயிலில் பெருவிழா மேளம் ஒன்று. மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகள் கட்டுரை ஒப்பிக்கும் சத்தம் இன்னொன்று. மொட்டை மாடியில், டியூஷன் வீட்டு வாசலில், ஷேர் ஆட்டோவில்கூட அது நடக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்தாலும் ஒரு பிள்ளைக்கும் வரி தப்பாது. இருபத்தாறு ஆண்டுகளாக நான் இந்தப் பக்கத்தில் தமிழம்மா. இவ்வளவு விடைத்தாள்களைத் திருத்தியவள் என்ற உரிமையில் மனப்பாடக் கட்டுரையின் பெருமைகளைச் சொல்கிறேன். அதனுடைய சிறப்புகள் ஒவ்வொன்றையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அதன் நேர்மையிலிருந்து தொடங்க வேண்டும். மனப்பாடக் கட்டுரை பொய் சொல்லாது. சேக்கிழார் என்றால் ஊர் குன்றத்தூர், இயற்பெயர் அருண்மொழித்தேவர், அநபாயச் சோழனுக்கு அமைச்சர், பெற்ற பட்டம் உத்தம சோழப் பல்லவர். கம்பர் என்றால் தேரழுந்தூர், சடையப்ப வள்ளல். வள்ளலார் என்றால் 1823, மருதூர், இராமையா, சின்னம்மை. பட்டினத்தார் என்றால் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர். இதில் ஒன்றையும் யாரும் மறுக்க முடியாது. ஒருவருக்குக் கூட்டி, ஒருவருக்குக் குறைத்து எழுதும் ஓரவஞ்சனையும் அதனிடம் இல்லை. ஐந்து வரிக்குள் எல்லாப் புலவர்களும் பிறந்து, பாடி, பட்டம் வாங்கிவிடுவார்கள்.

பட்டினத்தாரின் சமாதி இதே திருவொற்றியூரில், கடற்கரையை ஒட்டி இருக்கிறது. வள்ளலார் ஏழுகிணறு வீராசாமித் தெருவிலிருந்து நடந்துவந்து கும்பிட்டது இந்தக் கோயிலைத்தான். வடிவுடை மாணிக்க மாலை இந்த ஊர் அம்மனுக்குப் பாடியது. கம்பர் இங்கே இரவில் உட்கார்ந்து இராமாயணம் எழுத, வட்டப்பாறை அம்மன் பந்தம் பிடித்தாள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையும் உண்டு. இவை எதுவும் விடைக்குறிப்பில் இல்லை. அதனால் கட்டுரை பிள்ளைகளை வெயிலில் அலையவிடுவதில்லை. பட்டினத்தார் சமாதி இருக்கும் தெரு வழியாகத் தினமும் பள்ளிக்கு வரும் மாணவன், பட்டினத்தாரைப் பற்றிய ஐந்து வரியை ஒப்பித்துக்கொண்டே அதைக் கடந்து வருகிறான். அவனுடைய கவனத்தைக் கட்டுரை ஒரு நாளும் சிதறவிட்டதில்லை.

நயம் பாராட்டும் கேள்விக்கு வருவோம். முன்பின் பார்த்திராத ஒரு பாட்டைக் கொடுத்து அதன் அழகைச் சொல்லச் சொல்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய பயம் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பயத்தை ஒழித்தது மனப்பாடக் கட்டுரை. மோனை என்ற தலைப்பின் கீழ் காட்டு யானை வந்துவிடும். எதுகைக்கு வைகை ஆறு வந்துவிடும். அணிக்கு நகை, சந்தத்துக்கு இசை, சுவைக்கு உணவு. பாரதியானாலும் கவிமணியானாலும் அதே யானை, அதே வைகை. பாட்டைப் படிக்காமலே பாராட்டலாம். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே மதிப்பெண் தரும் அளவுக்குப் பெருந்தன்மை உள்ள கேள்வி தமிழ்த் தாளில் வேறு இல்லை.

புலவர்களை அது காப்பாற்றும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுந்தரரை எடுத்துக்கொள்வோம். தம்பிரான் தோழர், வன்தொண்டர், தோழமை நெறி: மூன்று தலைப்பு, மூன்று பத்தி. அதற்குள் அவருக்கு எந்தக் கெட்ட பெயரும் வராது. ஆனால் பெரியபுராணத்தைத் திறந்தால் வேறு சங்கதிகள் வந்துவிடுகின்றன. திருவாரூரில் பரவையார் இருக்கும்போது, இங்கே கன்னிமாடத்தில் இருந்துகொண்டு இறைவனுக்குப் பூத்தொடுத்த சங்கிலியாரைச் சுந்தரர் விரும்புகிறார். உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்கிறது அந்தப் பெண்ணின் தரப்பு. சன்னிதியில் நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் அங்கே இருக்காதீர், மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடமே முன்கூட்டிப் பேசி வைக்கிறார் சுந்தரர். இறைவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, சத்தியத்தை மகிழ மரத்தடியில் கேள் என்று சொல்லிவிடுகிறார். வேறு வழியில்லாமல் மரத்தடியிலேயே சத்தியம் நடக்கிறது. பிறகு வசந்தம் வருகிறது, ஆரூர் நினைவு வருகிறது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரரின் இரண்டு கண்களும் போய்விடுகின்றன.

அந்த மகிழ மரம் கோயிலுக்குள் இருக்கிறது. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று இதையே ஊர் கூடி நடத்துகிறது. ஒரு முறை பாடத்தை விட்டு விலகி வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். "அப்ப அந்தச் சங்கிலியம்மா கதி இன்னாச்சு மிஸ்?" என்றான். வகுப்பே என்னைப் பார்த்தது. ஒரு பெண் கேட்ட உறுதிமொழியைப் பற்றி, அதை ஏமாற்றப் பார்த்த ஒரு பெரியவரைப் பற்றி, இருவருக்கும் வேண்டியவராக இருந்த கடவுளைப் பற்றி, இதை மறைக்காமல் பாடிய சேக்கிழாரின் துணிச்சலைப் பற்றி நாற்பது பிள்ளைகளும் அன்று பேசியிருப்பார்கள். அது தேர்வுக்கு வராது, உட்கார் என்றேன். மனப்பாடக் கட்டுரை படித்த பிள்ளைகள் இப்படிக் கேட்டு ஆசிரியரைத் திணற வைப்பதில்லை. சேக்கிழாருக்கும் அவர்களால் ஒரு தொல்லையும் இல்லை.

அவ்வையையும் கட்டுரை இப்படித்தான் பத்திரமாக வைத்திருக்கிறது. அதியமானுக்காகத் தூது போன இடத்தில் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். உன் கருவிகள் பீலி சூட்டி, மாலை சார்த்தி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. எங்கள் மன்னனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் அவர். ஒரு போரை நிறுத்தப் போன பெண் எதிரியின் வீட்டில் நின்று பேசிய பேச்சு அது. கட்டுரையில் இதற்கு அணி இலக்கணம், சான்று, விளக்கம், அணிப்பொருத்தம் என்று நான்கு தலைப்பு. நன்றாகப் பயின்ற மாணவியின் தாளைக் கையில் எடுத்தால் கண்ணுக்கு அவ்வளவு நிறைவு. கருப்பு மையில் தலைப்பு, நீல மையில் விளக்கம், அளந்து விட்ட ஓரம், அடிக்கோடு. ஒரு சொல்லும் மழுங்கியிருக்காது. ஒரு வரியும் முறிந்திருக்காது. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்த அழகுக்கு எதிரான ஒரு தாளும் என் கைக்கு வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. படகும் வலையும் கரையும் கறுத்துப்போயின. அடுத்த சில வாரங்களில் திருப்புதல் தேர்வு. நெய்தல் திணையைப் பற்றிய கேள்வி. எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி கருப்பொருள்களையும் உரிப்பொருளையும் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாள். தெய்வம் வருணன், மக்கள் பரதவர், மரம் புன்னை, பறை மீன்கோட்பறை, தொழில் மீன் பிடித்தல், உப்பு விளைத்தல், உரிப்பொருள் இரங்கல். அதற்குக் கீழே, ஓரத்தைத் தாண்டி, கோணலான கையெழுத்தில் மூன்று வரி இருந்தது.

"எங்க ஆத்துல எண்ணெய் வந்த அன்னிக்கு அப்பா வலையைத் துவைக்க மண்ணெண்ணெய் வாங்கி வந்தார். அம்மா ஆத்துல இறங்கிக் கையால இறால் பிடிப்பாங்க, அன்னிக்குக் கரையிலேயே உக்காந்திருந்தாங்க, யார்கிட்டயும் பேசல. இதுவும் இரங்கலில் சேருமா?"

சங்கப் பாட்டில் இரங்கல் என்பது கரையில் நின்று காத்திருப்பவளின் துயரம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு சொல்லைக் கையில் எடுத்து, தன் அம்மாவின் முகத்துக்கு அது பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்திருந்தாள் அந்தப் பெண். என் வகுப்பில் இலக்கியத் திறனாய்வு என்று சொல்லத்தக்க எழுத்தை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மூன்று வரியையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் "வினாவுக்குத் தொடர்பில்லை" என்று எழுதினேன். தாளைக் கொடுத்தபோது, "பொதுத்தேர்வில் இப்படி எழுதினால் திருத்துகிறவர் ஒப்புக்கொள்ள மாட்டார்" என்றும் சொன்னேன். சரி மிஸ் என்று வாங்கிக்கொண்டு போனாள்.

மார்ச்சில் அவள் மனப்பாடக் கட்டுரையை அப்படியே எழுதினாள். தமிழில் 94 மதிப்பெண்.