தாடி வைத்த ஸ்பொக்கைப் பற்றித் தேயிலைத் தோட்டத்தில் பேசுவது எப்படி

எந்த எபிசோட் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இணைப் பிரபஞ்சம் என்று வாயைத் திறந்தாலே இந்தக் காலத்துப் பிள்ளைகள் மார்வெல் படத்தை எடுத்துப் போடுவார்கள். இல்லாவிட்டால் 'டார்க்' என்ற ஜெர்மன் தொடரில் இறங்கி, யாருக்கு யார் தாத்தா என்று ராத்திரி முழுக்க வம்சாவளி எழுத வைப்பார்கள். அசையாதீர்கள். பேச வேண்டியது ஸ்டார் டிரெக்கின் 'மிரர், மிரர்'. ஜெரோம் பிக்ஸ்பி எழுதியது, 1967 ஒக்டோபர் 6 ஆம் திகதி அமெரிக்காவில் ஒளிபரப்பானது. கெட்ட உலகத்து ஆள் என்றால் தாடி வைத்திருப்பான் என்ற வழக்கம் பரவியதே இதற்குப் பிறகுதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லப் பழகுங்கள். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி ஹின்னாரங்கொல்லை வருவதற்குள் முடித்துவிட வேண்டும். கேப்டன் கேர்க்கும் இன்னும் மூன்று பேரும் ஹல்கன் என்ற ஜனங்களிடம் டைலித்தியம் என்ற படிகம் கேட்டுப் போகிறார்கள். தரமாட்டோம் என்கிறார்கள். ஆளைக் கரைத்து அனுப்பும் மெஷினில் ஏறிக் கப்பலுக்குத் திரும்பும் நேரம் பார்த்து அயனிப் புயல். போய் இறங்கியது அதே கப்பல், அதே முகங்கள். ஆனால் அங்கே நடப்பது பேரரசு. மேலே இருப்பவனைக் கொன்றால் கீழே இருப்பவனுக்குப் பதவி உயர்வு. தப்புச் செய்தால் வேதனைக் கூண்டு. கேர்க்கின் துணை அதிகாரி ஸ்பொக்குக்குக் குறுந்தாடி. இதற்கு மேல் சொன்னால் கேட்பவர் தூங்கிவிடுவார், அல்லது இறங்கிவிடுவார்.

பேசுவதற்கு இடம் சலூன்தான். கோயில் மடம் ஆகாது, அங்கே திருவிழாக் கணக்கு வந்துவிடும். தேத்தண்ணிக் கடையில் கடன் கணக்கு வந்துவிடும். சலூனில் கதிரை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது (இந்த எபிசோடுக்குக் கண்ணாடி விசேஷம்), கையில் கத்தியோடு நிற்கும் ஒருவர் இருப்பதால் யாரும் அளவுக்கு மீறிக் கத்துவதில்லை. போதாததற்கு, தாடி விஷயத்தில் நிபுணர் கருத்து இலவசம். அந்தத் தாடிக்கு வாரம் ஒரு முறையாவது ஓரம் பிடிக்க வேண்டும், ஆகவே அந்தப் பேரரசிலும் ஒரு சலூன் இருந்தே ஆக வேண்டும் என்பது நம் சலூன்காரரின் முடிவு. மறுத்துப் பேசாதீர்கள். உங்கள் தலை அவர் கையில் இருக்கிறது.

புதிதாக வந்தவருக்கு 'இணை' என்பது விளங்காது. ஒரே இடத்தில் எப்படி இரண்டு உலகம் இருக்கும் என்பார். இங்கே இயற்பியலை இழுக்காதீர்கள். தெமோதரை ஸ்டேசனைச் சொல்லுங்கள். ஸ்டேசனை விட்டுப் பதுளைப் பக்கம் கிளம்பிய கோச்சி மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேசனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. மேலே பிளாட்போமில் நிற்பவருக்கும் கீழே கோச்சிக்குள் இருப்பவருக்கும் வரைபடத்தில் ஒரே புள்ளி. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். தலையை ஆட்டிவிடுவார்.

அதற்கும் அடங்காமல் "இதெல்லாம் விஞ்ஞானமா, கதையா?" என்று ஒரு உயர்தர மாணவன் கேட்பான். அவனுக்கு மட்டும் ஹியூ எவரெட்டைக் கொடுங்கள். 1957 இல் பிரின்ஸ்டனில் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வில், குவாண்டம் அளவீடு ஒன்றில் எத்தனை விடை சாத்தியமோ அத்தனையும் நடக்கின்றன, ஒவ்வொன்றும் தன் கிளையில் நடக்கிறது என்ற கருத்தை வைத்தவர் அவர். பெரியவர்கள் ஏற்கவில்லை. கோபன்ஹேகனுக்குப் போய் நீல்ஸ் போரைப் பார்த்தும் காரியம் ஆகவில்லை. மனிதர் அதற்கு முன்பே ஆய்வை விட்டுவிட்டு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சுக்குக் கணக்குப் போடப் போய்விட்டிருந்தார். எவரெட் கணக்கில் பிரிந்த கிளைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழியில்லை, கேர்க் போய்வந்தது கதைக்காரனின் சலுகை என்று சொல்லி முடியுங்கள். மாணவன் குறிப்பெடுப்பான். மற்றவர்கள் அதற்குள் பிளேன்டி குடித்து முடித்திருப்பார்கள்.

தாடிக்கு வருவோம். ஒரே முகம், இரண்டு ஆள், அடையாளத்துக்கு ஒரு முடிக்கற்றை. இதை நமக்கு ஹொலிவூட் சொல்லித்தர வேண்டியதில்லை. 1965 பொங்கலுக்கு வந்த எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் பயந்தாங்கொள்ளி ராமுவும் துணிந்த இளங்கோவும் இடம் மாறிவிட்டார்கள். ஸ்பொக் தாடி வைத்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. இந்த ஒப்பீட்டை யாராவது வயதானவர் எடுத்துவைப்பார். மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த கேள்வி ஆபத்தானது. எம்.ஜி.ஆர் பிறந்தது கண்டியில், 1917 இல். தகப்பனார் இறந்த பிறகுதான் குடும்பம் கடல் கடந்தது. கடக்காமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை அனுமதித்தால் அன்றைய பொழுது போயிற்று. ஒருவர் அவரைக் கண்டி மேயராக்குவார், இன்னொருவர் தொழிற்சங்கத் தலைவராக்குவார், எந்தச் சங்கம் என்று மூன்றாமவர் கேட்பார். சங்கப் பேச்சு வந்தால் கூட்டம் உடைய எந்த அயனிப் புயலும் தேவையில்லை.

அதைவிட ருசியான சங்கதி எபிசோடிலேயே இருக்கிறது, ரசிகர்கள் அதில்தான் நின்று பேச வேண்டும். நம் ஆட்கள் நாலு பேரும் கெட்ட உலகத்தில் கெட்டவர்களாக நடித்து ஓரளவு ஒப்பேற்றிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்து விழுந்த நாலு பேரால் நல்லவர்களாக நடிக்கவே முடியவில்லை. நம் ஸ்பொக் பார்த்த மாத்திரத்தில் பிடித்துச் சிறையில் போட்டுவிடுகிறார். ஏன்? நாகரிகமானவனுக்குக் காட்டுமிராண்டி வேஷம் கைவரும், காட்டுமிராண்டிக்கு மறுவேஷம் வராது என்பது ஸ்பொக்கின் விளக்கம். தோட்டத்தில் இது செல்லுபடியாகாது. தேர்தலுக்கு முதல் வாரம் வெள்ளைச் சட்டையோடு லயத்துக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மறுவேஷம் எவ்வளவு நன்றாக வருகிறது என்று ஸ்பொக்குக்கு யாரும் காட்டவில்லை.

வேதனைக் கூண்டைப் பற்றிக் கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் பேசும்போது கவனம். படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கால் கழுவி, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்பார்கள்.

"அந்தப் பொட்டிக்குள்ள போட்டா என்னா செய்யும்?"

"உடம்பெல்லாம் வலிக்கும்க்கா."

"சம்பளத்த வெட்டுவாங்களா?"

"இல்ல. வலி மட்டுந்தான்."

"அப்ப பரவாயில்லயே."

18 கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்ததற்கு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடப்பட்டவரிடம் பேரரசின் கொடுமையைப் புரியவைப்பது கடினம். முயலாதீர்கள்.

இன்னும் பெரிய இடறல் அப்பாயி. எந்த லயத்திலும் ஒருவர் இருப்பார். காது கேட்காது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் அப்பாயிதான். திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்: "அங்கயும் நம்மள மாதிரியே ஆளுங்க இருப்பாங்க. அதே மூஞ்சி, அதே கொரலு. ஒரு எடத்துல வாழ்க்க ரெண்டாப் பிரிஞ்சு, அவங்க வேற பக்கம் போயிருப்பாங்க."

"ஆமா," என்பார் அப்பாயி, வெற்றிலையை மடித்துக்கொண்டே. "கோத்தகிரியில இருக்கான். எந் தம்பி மவன். அச்சு அசலு எங்கப்பா மொகம். போன கிழமகூட போன்ல வந்தான்."

"அது இல்ல அப்பாயி. இதுக்குப் போறதுக்கு மெசினு வேணும்."

"என்னாத்துக்கு மெசினு? தலைமன்னாருக்குக் கோச்சி போச்சே."

இதற்குப் பதில் தயாராக வைத்திருக்காதீர்கள், கிடையாது. அப்பாயி சொல்வதுதான் மூலக்கதை. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் என்று கணக்கெடுத்த 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு 1974 இல் அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். எவரெட்டாவது உலகம் முழுசாகப் பிரிகிறது என்றார், இவர்கள் தொகை போட்டுப் பிரித்தார்கள். கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன் டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்து தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. எபிசோடில் வரும் புயலைப் பார்த்து ரசிகர்கள் "என்ன கற்பனை!" என்று வியக்கும்போது அப்பாயி சிரிப்பதற்குக் காரணம் இதுதான். அப்புறம் தலைமன்னார்க் கப்பல் தனுஷ்கோடிக்குப் பதிலாக இராமேஸ்வரத்துக்குப் போனது. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் கொழும்பில் நிறைவேறிய வருடம் 1967. ஸ்பொக் தாடி வைத்த அதே வருடம். பிக்ஸ்பிக்கு யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று சலூனில் ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை, ஆனால் அவர்களோடு சண்டைக்கும் போவதில்லை.

பதுளையிலிருந்து புறப்பட்ட கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் விழுந்தது. ஜன்னலுக்கு உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. அண்ணன் விண்ணப்பத்தில் இந்தியா என்று போட்டிருப்பான், தம்பி இலங்கை என்று போட்டிருப்பான், அல்லது யாரோ எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தில் அவர் கை போன பக்கம் போட்டிருப்பார். போனவர்களுக்காக 1968 இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. இங்கே கொழுந்தெடுத்த கை அங்கேயும் கொழுந்துதான் எடுத்தது. அதே மலை, அதே பனி, அதே லயம். இங்கே அவர்கள் இந்தியாக்காரர்கள், அங்கே சிலோன்காரர்கள். அந்த ஒரே எபிசோடுக்குள் இவ்வளவு நுணுக்கமான மாற்றத்தைப் பிக்ஸ்பியால் வைக்க முடியவில்லை, தாடியோடு நிறுத்திக்கொண்டார்.

ஆர்தர் சி. கிளார்க்கை யாராவது இழுத்தால் வரவேற்றுக்கொள்ளுங்கள், நம்ம ஊர்க்காரர். 1956 இலிருந்து 2008 இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலுக்காக இலங்கையையே 800 கிலோமீட்டர் தெற்கே இழுத்துப் பூமத்திய ரேகையில் கொண்டுபோய் வைத்தார், விண்வெளிக்கு லிப்ட் கட்ட வசதியாக. அந்த இலங்கையில் தோட்டச் சனத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். லிப்டைப் பற்றி மட்டும் பேசுங்கள். தோட்டத்தில் லிப்ட் என்றாலே எல்லோருக்கும் சந்தோஷம், மலையில் கொழுந்து மூட்டை சுமந்தவர்களுக்கு ரொம்பவே.

இனிக் கடைசிச் சண்டை, உண்மையான சண்டை. திரும்பி வருவதற்கு முன் கேர்க், தாடி ஸ்பொக்கிடம் புத்தி சொல்கிறார்: இந்தப் பேரரசு நிலைக்காது, நீயே மாற்று. சொல்லிவிட்டு மெஷினில் ஏறிப் போய்விடுகிறார். 1994 இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் அந்த உலகம் மறுபடி வருகிறது. ஸ்பொக் சொன்னபடியே மாற்றியிருக்கிறார், படையைக் குறைத்திருக்கிறார். பலவீனமான நேரம் பார்த்து கிளிங்கன், கார்டாசியன் என்ற வேற்றுக்கிரகத்தார் சேர்ந்து அடித்துவிட்டார்கள். மனிதர்கள் அடிமைகள். புத்தி சொன்னவர் குற்றவாளியா, இல்லையா? உலகம் முழுக்க ரசிகர்கள் இதில் இரண்டு பட்டு நிற்கிறார்கள். தோட்டத்தில் இரண்டு படுவதில்லை. மேசையில் உட்கார்ந்து மற்றவர்களின் வாழ்க்கைக்குத் திட்டம் சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போனவர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். கேர்க்குக்கு ஆதரவாக ஒரு வாக்கும் விழாது. நீங்கள் கேர்க் கட்சி என்றால் வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சவரத்துக்குக் கொடுங்கள்.

சம்பளத்தையும் தொடாதீர்கள். நாளுக்கு 1,000 ரூபாய் கேட்டது 2015 இல், வர்த்தமானி வந்தது 2021 இல். கேட்ட அன்றே கொடுத்த பிரபஞ்சம் ஒன்று இருக்க வேண்டும் என்று எவரெட்டின் பேரில் ஒருவர் வாதாடுவார். அந்த உயர்தர மாணவனே எழும்பி, கணிதப்படி சாத்தியமான விடைகள் மட்டும்தான் கிளைக்கும் என்று திருத்துவான்.

அப்பாயியின் தம்பி மகன் கோத்தகிரியிலிருந்து வீடியோ கோல் எடுத்தால், போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து அவரையும் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டிலும் ஒரு ரசிகப் பிள்ளை இருக்கும். எந்தப் பக்கம் கண்ணாடிப் பக்கம், யார் தாடிப் பக்கம் என்று வாக்குவாதம் வரும். இந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள், ஆனால் கோலைத் துண்டிக்கவும் வேண்டாம், டேட்டா அவருடையது. அடுத்த எபிசோடைச் சேர்ந்து பார்க்க நேரம் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது அது சுலபம், இரண்டு நாட்டிலும் ஒரே மணி. 1996 இல் இந்த நாடு மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அதே வருடம் அரை மணித்தியாலம் பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பத்து வருடமும் தாடிப் பக்கம் நாம்தான் இருந்தோம் என்று கோத்தகிரிக்காரர் சொன்னால், சலூன்காரரிடம் போனைக் கொடுத்துவிடுங்கள்.