பத்திய மண்ணும் விருந்து மண்ணும்: ஒரு தயிர் டப்பா ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

விதை போடும் தொட்டியில் கீழே எரு மிகுந்த மண்ணும் மேலே எரு குறைந்த மண்ணும் இட்டால் நாற்று தேறும் என்பது தோட்டக்காரர்களிடையே உலவும் கொள்கை. டெல்லி துவாரகாவில், மூன்றாம் மாடிப் பால்கனி ஒன்றில், ஆறு தயிர் டப்பாக்களையும் ஒரு குடும்பத்தின் பொறுமையையும் செலவழித்து அது சோதிக்கப்பட்டது. கொள்கை தேறியது. ஆய்வாளர் தேறினாரா என்பது தனி ஆய்வுக்குரியது.

1. களம்

துவாரகை என்றதும் குஜராத் கடலோரத்தை நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். கண்ணனின் அந்த நகரத்தைத்தான் தொல்லியலாளர் எஸ்.ஆர்.ராவ் 1980களில் கடலுக்கடியில் தேடினார். நம் துவாரகா டெல்லியின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. பாப்பன்கலான் என்ற பெயரில் வயலும் வரப்புமாக இருந்ததை டெல்லி வளர்ச்சி ஆணையம் செக்டர் செக்டராகக் கோடு போட்டுப் பிரித்தது. 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. அந்தத் துவாரகை தண்ணீருக்குள் போயிற்று. இந்தத் துவாரகாவில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் நாம் போகிறோம்.

லாரி வராத நாளில் ஆழ்துளைக் கிணறு. அந்த நீரின் உப்பு, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். செடி பூக்காத வீட்டில்கூட அது பூக்கும். இந்த உப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க. பின்னால் வேலை இருக்கிறது.

2. முன்னோடி ஆய்வுகள்

இத்துறையின் மூலவர் திருவள்ளுவரே. உழவு அதிகாரத்தின் 1037ஆம் குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது. அடுத்த குறளே, ஏர் ஓட்டுவதைவிட எரு இடுவது நல்லது என்கிறது. எரு வேண்டாம் என்பது மேலே, எரு வேண்டும் என்பது கீழே. தொட்டியை எப்படி நிரப்ப வேண்டும் என்பதை வள்ளுவர் குறள் வரிசையிலேயே அடுக்கிக் காட்டியிருக்க, உரையெழுதிய பரிமேலழகர் அதைக் கவனியாமல் போனது வியப்பளிக்கிறது.

அடுத்து இங்கிலாந்து. 1930களில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர், செடிக்கொரு ரகசியக் கலவை என்றிருந்த வழக்கத்தை ஒழித்து, விதைக்கு ஒன்று, வளர்ந்த செடிக்கு ஒன்று என மண்கலவையைச் சுருக்கினார்கள். விதைக் கலவையில் தோட்டமண் 2 பங்கு, பீட் 1 பங்கு, மணல் 1 பங்கு, உரம் பெயருக்குத்தான். செடி பெரிதாகி இடம் மாறும்போது உரமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று படியேறும். கலவைக்கு ஜான் இன்னஸ் பெயரே நிலைத்தது. அவரோ 1904இலேயே காலமாகிவிட்ட வணிகர். சொத்தை எழுதி வைத்தார், மண்ணைத் தொடவில்லை. பெயர் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்க.

மூன்றாவது, நம் டெல்லியின் பூசா. பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1934 பூகம்பத்தில் இடிந்தது. 1936இல் அதை அப்படியே பிடுங்கி டெல்லியில் நட்டார்கள். வேரில் ஒட்டிய மண்ணாகப் பெயர் மட்டும் கூடவே வந்தது. அது தந்த தக்காளி ரகமான பூசா ரூபியே இவ்வாய்வின் விதை.

3. கோட்பாடு

விதை பிறக்கும்போதே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிறது. முதல் சில நாட்களுக்கு அதற்கு வேண்டியது ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும்தான். அந்த நேரத்தில் எருவைக் கொட்டினால் என்ன ஆகும்? மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான். மாங்காய் நீர் விடும். மண்ணில் உப்புச்சத்து ஏறினால் விதையால் நீர் குடிக்க முடியாது. போதாததற்கு, ஈரமும் எருவும் மிஞ்சிய இடத்தில் நாற்றழுகல் நோய் வரும். அதைக் கொண்டுவரும் நுண்ணுயிர்களில் ஒன்றின் பெயர் பித்தியம். பத்தியம் தவறினால் பித்தியம்: இத்துறையின் முதல் விதி இதுவே.

ஆனால் கட்டுச்சோறு தீர்ந்ததும் பசி வரும். ஆகவே மேலே பத்திய மண், கீழே விருந்து மண். சோறூட்டும் நாளில் குழந்தைக்கு யாரும் பிரியாணி கொடுப்பதில்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பருப்புஞ்சாதம் மட்டும் போட்டாலும் வீட்டில் தங்காது.

4. பொருளும் முறையும்

நர்சரித் தோட்டக்காரரான மாலியிடம் வாங்கியவை: மிட்டி எனப்படும் மஞ்சள் வண்டல், கோபர் காத் எனப்படும் மாட்டெரு ஒரு சாக்கு. கட்டடம் நடக்கும் இடத்தில் கேட்டுப் பெற்றவை: பொடியான ஜமுனா மணல், பருவெட்டான பதர்பூர் மணல். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார்த் தூள், கோகோபீட் என்ற பட்டத்துடன் செங்கல் வடிவில் டெல்லிக்கு வந்து, வாளித் தண்ணீரில் உப்பி எழுந்தது.

அடியில் ஓட்டாஞ்சில்லும் பதர்பூரும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்றார் மாலி. உலகமே அப்படித்தான் நம்புகிறது. நெறியாளர் (ஆய்வாளரின் மனைவி) அதைக் காபி ஃபில்டரால் மறுத்தார். டிகாக்‌ஷன் இறங்கி முடிந்தபின் மேல் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். கீழே அவ்வளவு வெற்றிடம் இருந்தும் பொடி சொதசொதவென்றே இருந்தது. கரண்டியால் தட்டியபின் ஒரு சொட்டு இறங்கியது, அவ்வளவுதான். பொடி மண்ணும் இப்படியே. அடியில் பெரிய இடைவெளி கொண்ட சரளை வந்தால், தான் நிரம்பி வழிகிற வரை தண்ணீரைக் கீழே விடாது. சரளை போட்டால் சேறு வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்து நிற்கும். ஆகவே இரண்டாம் விதி: அடுக்குகள் சத்தில் வேறுபடலாம், துகளின் பருமனில் வேறுபடக் கூடாது. எல்லைக் கோட்டையும் விரலால் கிளறி அழித்துவிட வேண்டும்.

ஆறு டப்பாக்கள், ஒவ்வொன்றும் 400 கிராம் தயிர் பிடித்தவை, அடியில் ஓட்டை போடப்பட்டன. இரண்டில் முழுப் பத்தியம், இரண்டில் முழு விருந்து, இரண்டில் கீழே விருந்து மேலே இரண்டு அங்குலம் பத்தியம். அக்டோபர் முதல் வாரத்தில் விதைப்பு.

5. விளைவுகள்

முழு விருந்தில் ஒரு டப்பா வாயே திறக்கவில்லை. மற்றதில் முளைத்தவை ஒன்பதாம் நாள் காலையில் வரிசையாகப் படுத்திருந்தன. மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு, நகத்தால் கிள்ளினாற்போல், நூலாக இளைத்திருந்தது.

முழுப் பத்தியத்தில் எல்லாம் முளைத்தன. நான்கு இலை விட்டதும் நின்றன. இலையடியில் ஊதா படர்ந்தது. மணிச்சத்துக்கு ஏங்கும் தக்காளியின் முகம் அது.

அடுக்கு டப்பா இரண்டில் ஒன்றைப் புறத்தேர்வாளர் மதிப்பீடு செய்தார். துவாரகாவில் பால்கனி தோறும் இலவசமாகப் பணிபுரியும் புறா அவர். நாற்றைப் பிடுங்கி, மண்ணைக் கலைத்து, உட்கார்ந்தும் பார்த்தார். எஞ்சிய ஒரே டப்பா நாற்று தடித்த தண்டும் கருத்த இலையுமாக நின்றது. ஒன்றை வைத்து முடிவு சொல்லலாமா என்று கேட்பவர்கள், புறாவிடம் பேசிவிட்டு வரவும்.

6. மறுப்பும் அகழாய்வும்

காட்டில் சருகு மேலேதானே மக்குகிறது, வளமும் மேலேதானே இருக்கிறது என்று எதிர்க்கட்சியினர் கேட்கலாம். காட்டில் ஒரு மரம் கணக்கற்ற விதைகளைக் கொட்டுகிறது. பெரும்பாலானவை செத்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒரு பாக்கெட் விதை வாங்கியவர் அப்படி இருக்க முடியாது.

இந்த வாதத்தை ஆய்வாளர் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் பால்கனியிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, உங்க டப்பாவ விட்டுட்டு இங்க வந்து பாருங்க. சாக்கு என்னமா வளத்துருக்கு!”

ஜூனில் வாங்கி மூலையில் வாய் திறந்து கிடந்த எருச் சாக்கில், முழங்கால் உயரத்துக்குத் தக்காளிச் செடி. ரசத்துக்குத் தக்காளி நறுக்கிய பலகையை நெறியாளர் அன்றாடம் வழித்துப் போட்ட இடம் அது. சுத்த எருவில், விருந்திலும் விருந்தில், முதல் விதியை மிதித்துக்கொண்டு நின்றது செடி.

சமையலறைக் கத்தியால் சாக்கின் பக்கவாட்டைக் கிழித்து அகழாய்வு நடத்தப்பட்டது. மேலே ஒரு சாண் ஆழத்துக்கு எரு வெளுத்து, உதிரியாக, வாசனையே இல்லாமல் இருந்தது. அதற்குக் கீழே கறுப்பு, பிசுபிசுப்பு. வேர் மேலடுக்கில் நாலைந்து இழையாக நேரே இறங்கி, கறுப்பைத் தொட்ட இடத்தில் தாடியாகப் பரவியிருந்தது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பெய்த மழை, உப்பில்லாத அந்த நீர், மேல் எருவின் உப்பையும் காரத்தையும் கழுவிக் கீழே இறக்கியிருக்கிறது. மேலே பத்தியம், கீழே விருந்து. ஆழ்துளைக் கிணற்று நீரால் ஆய்வாளர் டப்பாவில் உப்பை ஏற்றிக்கொண்டிருந்த அதே பால்கனியில் மழை அதை இறக்கி வைத்திருக்கிறது.

7. முடிவுரையும் நன்றியுரையும்

கொள்கை இருமுறை மெய்ப்பிக்கப்பட்டது: ஒருமுறை ஆய்வாளரால், ஒருமுறை அவர் பார்க்காத இடத்தில். எதிர்கால ஆய்வாளர்களுக்குப் பரிந்துரை: எருவை ஒரு மழைக்காலம் திறந்து வைக்கவும். இதற்குச் சாக்கு முறை என்று பெயரிடலாமா என்ற பேச்சு வந்தது. மண்ணைத் தொடாத ஜான் இன்னஸுக்கே பெயர் கிடைத்திருக்கும்போது இது நியாயமே என்றார் நெறியாளர். ஆயினும் தன் பெயரை முதலில் போட வேண்டும் என்றார்.

பிப்ரவரியில் பறித்த முதல் பழம் ரசத்துக்குப் போனது. அதன் விதைகளைக் கழுவிக் காயவைத்து, தேதி எழுதிய உறையில் பாதுகாக்க ஆய்வாளர் தாளும் பேனாவுமாகப் போய் நின்றார். அதற்குள் நெறியாளர் பலகையைச் சாக்கில் வழித்துவிட்டிருந்தார்.