ஒரே எண்ணுக்கு இரண்டு பேர்

கேள்வி: பகலெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் பிரின்டர், மாலையில் பையன் ஃபோனோடு வந்ததும் முரண்டு பிடிக்கிறது. புதிது வாங்கிவிடலாமா?

பதில்: பிரின்டரை விற்க வேண்டாம், பையனைத் திட்டவும் வேண்டாம். பிரின்டரை மாட்டியவர் அதற்கு 192.168.1.5 என்பதுபோல ஓர் ஐபி எண்ணைக் கையால் போட்டிருப்பார். அது ரவுட்டருக்குத் தெரியாது. பிரின்டர் அணைந்திருந்த நேரத்தில் ரவுட்டரில் எண் வழங்கும் வசதியான டிஹெச்சிபி அதே எண்ணை ஃபோனுக்குக் கொடுத்திருக்கும். ஓர் எண்ணை எடுக்குமுன், 'இது யாரிடமாவது இருக்கிறதா?' என்று கருவி கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5227 என்ற இணைய நெறிமுறை ஆவணம். அணைந்து கிடக்கும் பிரின்டர் எப்படிப் பதில் சொல்லும்?

சோதிக்க: பிரின்டரை அணைத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து அதன் எண்ணுக்கு பிங் அனுப்புங்கள். பதில் வந்தால் ஆள் அகப்பட்டான். வராவிட்டாலும் விட்டுவிடாதீர்கள், சில கருவிகள் பிங்குக்கு வாய் திறப்பதில்லை. ரவுட்டரின் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே எந்த மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறதே?

பதில்: அன்றைக்குச் சரியாகும். ஆனால் எந்த எண் யாரிடம் என்ற பட்டியலை, மின்சாரம் போனதும் மறந்துவிடும் ரவுட்டர்கள் உண்டு. மின்வெட்டுக்குப் பிறகு புது மோதல் முளைப்பது அதனால்தான்.

கேள்வி: அப்படியானால் நிரந்தரத் தீர்வு?

பதில்: எண் கொடுக்கும் வேலையை ரவுட்டரிடமே விடுங்கள். பிரின்டரில் கையால் போட்டதை எடுத்துவிட்டு, ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதியில் அதன் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்குங்கள். கையால்தான் போடுவேன் என்றால், டிஹெச்சிபி வழங்கும் எல்லையை 100 முதல் 199 வரை என்று சுருக்கிவிட்டு, அதற்கு வெளியே போடுங்கள்.

கேள்வி: மாடிக்கு இன்னொரு ரவுட்டர் வாங்கி, லேன் கேபிளில் இணைத்தேன். அன்று பிடித்தது தலைவலி!

பதில்: இரண்டு பேரும் எண் வழங்குகிறார்கள். மாடி ரவுட்டரில் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். இரண்டின் சொந்த எண்ணும் 192.168.1.1 என்றிருந்தால் வீடு முழுக்க நெட் தள்ளாடும். மாடியில் இருப்பதை 192.168.1.2 ஆக்குங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டிலும் 192.168.1.5 இருக்குமே?

பதில்: இருக்கட்டும். அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்.

கேள்வி: லேப்டாப் 169.254 என்று தொடங்கும் எண்ணைக் காட்டுகிறது. மோதலா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கேட்டும் யாரும் எண் தராததால் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது. முதலில் கேபிளைப் பாருங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் சிசிடிவி மாட்ட வருகிறார்கள்…

பதில்: 'எந்த எண் போட்டீர்கள்?' என்று கேட்டு, டிவிஆர் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.