பானையில் பெயர் வெட்டியவர்கள்

கேள்வி: கீழடி அருங்காட்சியகத்தில் உடைந்த பானை ஓடுகள்தானே இருக்கின்றன? அதைப் பார்க்க இத்தனை கூட்டமா?

பதில்: ஓடுதான். ஆனால் கையெழுத்துள்ள ஓடு! ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறிய பெயர்களை அருகில் நின்று பாருங்கள். எவர்சில்வர் தூக்கில் பெயர் வெட்டும் நம் வழக்கத்துக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல்! அரசர் பெயர் கல்வெட்டில் நிற்கும்; ஊர்க்காரர் பெயர் இப்படித்தான் கிடைக்கும். பகடைக்காய், சுடுமண் சில்லு என்று விளையாட்டுச் சாமான்களும் உண்டு. பொழுதுபோக்கத் தெரிந்த ஊர். செட்டிநாட்டுப் பாணியில் கட்டி 2023-இல் திறக்கப்பட்டது இந்த அருங்காட்சியகம். வைகைக் கரை மண்ணில் கிடைத்ததை வைகைப் பக்கமே வைத்திருப்பதுதான் சரி. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்; அந்தப் பெயர்களை அவர்களே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும்.